பைக்குள் கைவிட விடாதவள்

மார்லிஸ் ஓப்டால் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஓடைப் பாலம் இற்றுப்போனதும் ஊர்த் தலைவர் டுவேன் கிரைட்லோ அதை மூடினார். மூடியதோடு மறந்தும் போனார். நான்கு வருடமாகப் பிள்ளைகள் பதினோரு மைல் சுற்றிப் பள்ளிக்குப் போகிறார்கள். ஊர்க் கூட்டத்தில் மார்லிஸ் கேட்டதற்கு, "பஸ் ஓட்டுறவ பஸ்ஸ மட்டும் ஓட்டு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளை அவருக்கு எதிராகத் தேர்தலில் நிற்க வைத்தது.

ஏப்ரலில் எண்ணியபோது அவருக்கு 121, அவளுக்கு 120. செல்லாதவை இரண்டு. மூன்று நாளைக்குள் மறு எண்ணிக்கை கேட்கலாம். வித்தியாசம் இவ்வளவு குறைவென்றால் கட்டணமும் இல்லை. அதுதான் மாநிலச் சட்டம்.

"விட்டுடேன் மார்லிஸ். நாளைக்கு ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்கணுமே," என்றாள் ஊர் எழுத்தர் பெவர்லி.

"நான் நல்லாவே முழிப்பேன். நீ மனுவ வாங்கு."

டவுன் ஹாலில் பெவர்லியும் இன்னும் இருவரும் எண்ண உட்கார்ந்தார்கள். தொடக்கத்திலேயே சிக்கல். வாக்குச் சீட்டு 243. வாக்காளர் பட்டியலின்படி வந்து கையெழுத்திட்டவர்கள் 242.

இதற்குச் சட்டம் வைத்திருக்கும் வைத்தியம் விசித்திரமானது. காரணம் தெரியாவிட்டால், எல்லாச் சீட்டுகளையும் பையில் போட்டு, பார்க்காமல் ஒன்றை உருவி ஒதுக்கிவிட வேண்டும். பெவர்லி பையை எடுத்தாள்.

"கைய எடு," என்றாள் மார்லிஸ். "இது யூக்கர் சீட்டாட்டமா? யாரோ மெனக்கெட்டு வந்து போட்ட ஓட்டு அது. பட்டியலக் குடு."

"உன்னோடதே போயிடும்னு பயமா?" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த டுவேன்.

அவள் பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தாள். அந்த ஊரில் அவளுக்குத் தெரியாத வீடு இல்லை. இங்வால்ட் ருஸ்டாட் என்ற பெயரில் விரல் நின்றது. ஒரே விலாசம், ஒரே பெயர், இரண்டு வரி. பெயர் தவறிப்போய் இரண்டு தடவை அச்சாகிவிட்டது என்று நினைத்து யாரோ ஒரு வரியை அடித்திருந்தார்கள். மிஞ்சிய கட்டத்துக்குள் இரண்டு கையெழுத்து நெருக்கியடித்துக் கிடந்தது. ஒன்று நடுங்கியது, ஒன்று திடமானது.

"அப்பா ஒருத்தர், மகன் ஒருத்தர், ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. பேரப்பிள்ளைங்க ரெண்டும் என் பஸ்லதான் வருது. ஆள் 243, சீட்டும் 243. பைய மடிச்சு வை."

டுவேன் வாய்விட்டுச் சிரித்தார். "அட லூசு! அவங்க வீட்டு வாசல்ல என் தேர்தல் போர்டுதான் நிக்குது. ரெண்டும் எனக்கு விழுந்த ஓட்டு!"

"தெரியும். தினமும் அந்தப் போர்டத் தாண்டித்தான் வண்டி ஓட்டுறேன். இருந்தாலும் எண்ணு."

எண்ண உட்கார்ந்த மூவரும் கையெழுத்துகளைப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். எண்ணிக்கை தொடங்கியது. செல்லாதவை என்று ஒதுக்கிய இரண்டிலும் வட்டத்தை நிரப்பாமல் மார்லிஸின் பெயரைச் சுற்றிக் கோடு போட்டிருந்தார்கள். வாக்காளர் மனசு தெரிந்தால் சட்டப்படி அது வாக்குதான். அவளுக்கு 122, அவருக்கு 121.

டுவேனுக்கு முகம் சிவந்தது. "அந்த ருஸ்டாட் கணக்கு செல்லாது. ஒண்ண உருவுங்க! இல்லன்னா கோர்ட்டுக்குப் போவேன்."

மார்லிஸுக்கு அப்போதுதான் உண்மையாகவே கோபம் வந்தது.

"போ டுவேன், கோர்ட்டுக்குப் போக அஞ்சு நாள் இருக்கு. ஜட்ஜ்கிட்ட என்னன்னு கேப்பே? வாக்கர் ஸ்டாண்ட ஊனிக்கிட்டு நடந்து வந்து உனக்கு ஓட்டுப் போட்டாரே அந்தக் கிழவர், அவரு வரவே இல்லன்னு சொல்லுவியா?"

டுவேன் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். பெவர்லி முடிவுத் தாளில் 122, 121 என்று எழுதினாள்.