குப்பைக் கூடையில் கிடந்த நாவல்

ஜெர்மனியின் எசன் நகரத்தில் ஒரு ஹோட்டலில் நான் அறைகளைத் துப்புரவாக்கிய காலத்தில், அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் இரண்டு மாதம் அங்கே தங்கியிருந்தார். இளமையில் எழுதிய நாவல்கள் விலைபோகாததால் சினிமாவுக்குத் திரைக்கதை எழுதப் போனவர். பல வருடம் கழித்து மறுபடி ஒரு நாவல் எழுதுவதாகத் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னார்.

ஒருநாள் காலை அவருடைய குப்பைக் கூடையில் தட்டச்சுத் தாள்கள் நிறைந்து கிடந்தன. ஜெர்மனில் 'அன்ட்ராக்' என்கிற அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு இருந்த என் போன்றவனுக்கு எழுத்துள்ள தாளை எறியக் கை வராது. எந்தத் தாளை எந்த அலுவலகம் கேட்கும் என்று யாருக்குத் தெரியும்? அவற்றைப் பக்க இலக்கப்படி அடுக்கி, என் கடிதங்கள் இருந்த கோப்பிலேயே வைத்தேன்.

என்னோடு வேலை செய்த மன்னார் அக்கா கண்டுவிட்டார்.

"அறையிலயிருந்து ஒண்டும் எடுக்கக் கூடாதெண்டு தெரியாதோ? களவெண்டு பொலிசுக்குப் போனால் உன்ர அகதி அன்ட்ராக்கும் போச்சு."

"எறிய ஏலாமல் கிடக்கு, அக்கா."

"கடுதாசிப் பைத்தியம்!"

மூன்றாம் நாள் எழுத்தாளர் அந்தத் தாள்களைத் தேடி வந்தார். கோபத்தில் எறிந்துவிட்டாராம், வேறு பிரதி இல்லையாம். முகாமையாளர் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டார். பேசாதே என்று அக்கா என் காலை மிதித்தார். நான் போய்க் கோப்பைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

எழுத்தாளர் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். நடுவில் என் அகதி விசாரணைக் கடிதம் ஒன்று கலந்திருந்தது. அதை என்னிடம் நீட்டி, "இதை நான் எழுதவில்லை" என்று சிரித்தார். முகாமையாளரும் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அன்று பின்னேரம் அக்கா தன் அகதி விண்ணப்பக் கடிதக் கட்டோடு வந்தார்.

"இதையும் உன்ர கோப்பில வை, தம்பி. நான் எங்கயாவது எறிஞ்சுபோடுவன்."