மிதிக்குத் தெரியாத விரிசல்

பெயிண்ட் கடைக்காரர் சொன்னதாக டயர் கடைக்காரர் வந்து சொன்னார். "உங்க சகலை, அடிபட்ட வண்டிலருந்து பிரேக் காலிப்பரக் கழட்டி, செவப்பு பெயிண்ட் அடிச்சுப் புதுசுன்னு தள்ளுறாராம். நான் சொன்னதா வெளிய விட்டுடாதீங்க."

மிதிக்குச் சிரிப்புதான் வந்தது. எந்த வண்டி பட்டறைக்குள் நுழைந்தாலும் முதலில் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பார்ப்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. சகலை அவர் மனைவியின் தங்கை புருஷன். சாமான் வாங்குவது சகலை, மாட்டுவது மிதி. இருவருக்கும் நடுவில் காற்றுகூடப் புகாது என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. தன் சொந்தத் தங்கையின் வண்டி நினைவுக்கு வந்தது. எஞ்சினின் வேகத்தைக் கூட்டியிருந்தவள், பழைய பிரேக் மலை இறக்கத்தில் சூடேறி வழுக்குகிறது என்று போன வாரம் வந்து நின்றாள். மிதி விளக்கினார்.

"பெருசா மாட்டினா ஒடனே நின்னுடும்னு நெனைக்காத. ஒரு தடவ நிக்கிறதுக்குப் பழசே போதும். எறக்கத்துல திரும்பத் திரும்ப நிக்கணும்ல, அப்ப சூட்டத் தாங்கத்தான் பெரிய டிஸ்க்கும், அதக் கவ்விப் புடிக்கிற நாலு பிஸ்டன் காலிப்பரும். காலிப்பர் ஒடம்பு வளையக் கூடாது. வளைஞ்சா எல்லாம் போச்சு."

"சூட்டத் தாங்கும்னா உனக்கும் ஒண்ணு மாட்டிக்கண்ணே. அண்ணிகிட்ட ஒதவும்."

சகலை வாங்கி வந்த ஜோடியை நேற்றுத்தான் மாட்டினார். பிரேக் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றி, மிதித்துப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்கு" என்று சாவியைக் கொடுத்தார். இன்று காலை அவள் மலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அதே சரக்கில் இன்னொரு ஜோடி அலமாரியில் இருந்தது. ஒன்றை எடுத்து, தின்னரில் சிவப்பைக் கரைத்தார். மண்ணெண்ணெய் தடவி, துணியால் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தூவினார். சற்று நேரத்தில் வெள்ளைத் தூளின் நடுவே தலைமுடி போல ஓர் ஈரக்கோடு ஊறி வந்தது. குளிர்ந்திருக்கும்போது எந்தக் காலுக்கும் தெரியாத விரிசல். சூடேறினால்தான் வாயைத் திறக்கும்.

சகலை டீயோடு உள்ளே வந்தார். மேசையைப் பார்த்தார். டீயை வைக்க இடம் தேடினார்.

"அவ வண்டில மாட்டினதும் இந்தச் சரக்குதானா?"

"சும்மா கீறல் சகலை. தெருவுல ஓட்டுற வண்டிக்கு இது ஒண்ணும் பண்ணாது."

"மலைக்குப் போறான்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும். நேத்தே சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்க மிதிச்சுப் பாத்துக் கல்லு மாதிரி இருக்குன்னுட்டீங்க. நீங்களே சொன்னப்பறம் நான் என்னத்தச் சொல்ல?"

மிதி தன் வலது காலைக் குனிந்து பார்த்தார். இத்தனை வருஷம் இவன் வாங்கி வந்ததையெல்லாம் இந்தக் கால்தான் நல்லது என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறது. எத்தனை வண்டிகளுக்கு?

"கோவப்படாதீங்க, டீ ஆறுது" என்றார் சகலை.

மிதி வாசலுக்கு வந்து தங்கையின் எண்ணை அழுத்தினார். இந்நேரம் ஏறி முடித்திருப்பாள், இறங்கத் தொடங்கியிருப்பாள். மணி போய்க்கொண்டே இருந்தது. ஓட்டும்போது எவன் கூப்பிட்டாலும் போனைத் தொடாதே, நானே கூப்பிட்டாலும் தொடாதே என்று அவளிடம் சத்தியம் வாங்கியவர் அவர்தான்.

மறுபடி அழுத்தினார். மணி போனது.