அச்சிமுகம்மது காக்கா எஞ்சினை நிப்பாட்டுவதில்லை

ஒரு காலைக் கதவுக்கு வெளியே தொங்கவிட்டு, மற்றக் காலால் ஆக்சிலேட்டரைத் தட்டித் தட்டிக்கொண்டே தேத்தண்ணீர் குடிக்கிறார் அச்சிமுகம்மது காக்கா. கோப்பை காருக்கே வர வேண்டும். "இறங்கி வந்து குடிங்களன் காக்கா" என்று கடைக்காரன் கூப்பிட்டால், "நிண்டுட்டா நீ வந்து ஒழுப்பித் தருவியா இவள?" என்று கேட்பார். 'இவள்' என்பது ஐம்பத்தெட்டாம் ஆண்டு மொரிஸ் மைனர். சாய்ந்தமருதில் ஹயருக்கு ஓடும் கார்களுக்குள் மூத்தவள். வீட்டிலும் பள்ளிவாசலிலும் தவிர வேறெங்கும் அவர் எஞ்சினை நிப்பாட்டுவதில்லை. பெற்றோல் விற்கிற விலையில் இது பைத்தியம்தான். பக்கத்து வீட்டு வாத்தியார் நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பெற்றோல் தாங்கி கசிந்தால் சவர்க்காரத்தைத் தேய்த்து அடைப்பார். ஃபேன் பெல்ட் அறுந்தால் இடுப்பில் உடுத்த மருதமுனைச் சாறனில் ஒரு கிழியலை முறுக்கிக் கட்டிக் கல்முனை வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பார். "இவளுக்குத் தடிமன் புடிச்சிரிக்கி, வேற ஒண்டுமில்ல" என்பார்.

முன்பெல்லாம் மனிசர் சிரித்துக்கொண்டுதான் ஓட்டினார். எண்பத்தைந்துக்குப் பிறகு பயம் பிடித்துக்கொண்டது. ஊருக்கு ஊர் சோதனைச் சாவடி. "வண்டி நிண்டா மனிசன் நிண்டான் மாஸ்டர். நிக்கிறவனத்தான் கேள்வி கேப்பாங்க." காருக்குப் பட்டரி பழசு, நின்றால் முன்னால் ஹென்டில் போட்டு எஞ்சினைச் சுற்ற வேண்டும். அதுவோ இரண்டு முழ இரும்பு. "தூரத்தில இருந்து பாத்தா இது என்ன மாதிரித் தெரியும், சொல்லுங்க?" நான் தூரத்தில் போய் நின்று பார்த்தேன். அவர் பயப்பட்டதில் பிழையே இல்லை. அன்றிலிருந்து ஹென்டில் சாக்கில் சுற்றியபடி டிக்கிக்குள் கிடக்கிறது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். புடவைக் கடை றஸாக் காக்காவின் மகளைக் கட்டி அப்படி வந்தபோது அவனுடைய காரும் வளவுக்குள் வந்தது. அதுவும் ஐரோப்பாச் சின்னக் கார்தான், ஆனால் புதுசு. காரின் பெயரைச் சொன்னால் றஸாக் என்னோடு கோபிப்பான். சாவியைத் திருப்பினால் சத்தமில்லாமல் கிளம்பும். காக்கா அதை இரண்டு தரம் சுற்றிவந்து, முன்னால் குந்தியிருந்து தடவிப் பார்த்தார்.

"ஹென்டில் போட ஓட்டை இல்லயே மருமகன்?"

"தேவல்ல மாமா, பட்டரி இரிக்கி."

"பட்டரி செத்தா?"

"இது சாகாது மாமா."

"சாகாத சாமான அல்லாஹ் இன்னும் படைக்கல்ல, மனே."

சென்ற மாரியில் றஸாக் சரக்கெடுக்கக் கொழும்புக்கு பஸ்ஸில் போனான். மனைவி ஸாலிஹாவுக்கு மாதம் நிறைந்திருந்தது, பிள்ளை குறுக்கே கிடந்தது. வலி கண்டால் உடனே அம்பாறைக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார் டொக்டர். "என்ட கார்ல கொண்டு போங்க மாமா" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். காக்காவும் "ஓம்" என்றார்.

பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு வலி வந்தது. காக்கா சாவியைப் பார்த்தார், இரண்டு கார்களையும் பார்த்தார். பிறகு மகளைத் தூக்கி மொரிஸில் ஏற்றினார். மனைவி ஆயிஷா உம்மா, "மருமகன்ட கார் இரிக்கக்க உங்களுக்கென்ன விசரா?" என்று கத்தினார்.

"அது நடுவழியில நிண்டா நான் என்ன செய்ற? இவள்ட நோவு எனக்குத் தெரியும்."

சிங்களம் தெரிந்தவன் என்று என்னையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார்.

மாவடிப்பள்ளி தாண்டி வயல் நடுவே மறித்தார்கள். எஞ்சினை நிறுத்தச் சொன்னான் ஒரு சிப்பாய். காக்கா என்னைப் பார்த்தார். 'பிள்ளைத்தாய்ச்சி, எஞ்சின் ஓடட்டும் ஐயா' என்று நான் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நீட்டிய துவக்கைக் கண்டதும் ஏழு வருஷம் படித்த சிங்களத்தில் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. வெட்கக்கேடு. காக்கா சாவியைத் திருப்பி எஞ்சினை நிப்பாட்டினார். தவளைச் சத்தமும் ஸாலிஹாவின் முனகலும் மட்டும் கேட்டன.

உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு உடனே போகச் சொன்னார்கள். கார் போக வேண்டுமே! பட்டரி இரண்டு தரம் இருமியது, பிறகு அதுவும் இல்லை.

காக்கா கைகளை உயர்த்திக்கொண்டு இறங்கினார். "ஹென்டில், ஹென்டில்" என்று மூன்று தரம் சொல்லி டிக்கியைத் திறந்தார். துவக்கும் அவரோடு கூடவே திரும்பியது. சாக்கை விரித்து, இரும்பை இரண்டு உள்ளங்கையிலும் கிடத்தி, இறந்தவரைச் சுற்றும் கபன் துணி கொண்டுபோவது போல முன்பக்கம் நடந்தார்.

ஹென்டில் பிடிக்கும்போது பெருவிரலை மடக்கிப் பிடிக்கக் கூடாது, எஞ்சின் திருப்பி அடிக்கும் என்று எனக்கே நூறு தரம் சொன்ன மனிசர், அன்று இறுக்கி மடக்கிப் பிடித்தார். இரண்டாம் சுற்றில் அடித்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மூன்றாம் சுற்றை இடது கையால் சுற்றினார், எஞ்சின் பிடித்தது.

"கியர நீங்க மாத்துங்க மாஸ்டர், நான் சொல்லக்க." சைக்கிளைத் தவிர ஒன்றும் ஓட்டாத நான் அம்பாறை வரைக்கும் கியர் மாற்றினேன். அவர் ஒற்றைக் கையால் வளைத்தார்.

ஒப்பரேஷன் முடிந்தது. தாயும் பிள்ளையும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். கையைக் காட்டுங்கள் என்று கெஞ்சினேன். "வேணாம். மருமகனுக்குத் தெரிஞ்சா இனி என்ட புள்ளயயும் பேரனயும் இந்த வண்டில ஏத்த உடமாட்டான். வாய் துறந்திராதீங்க மாஸ்டர்." வலது கையைச் சால்வைக்குள் போட்டுக்கொண்டு விடிய விடிய ஆஸ்பத்திரி மர வாங்கில் இருந்தார்.

காலையில்தான் பிள்ளையை வெளியே தந்தார்கள். அப்போது றஸாக்கும் வந்து சேர்ந்தான். வீட்டுக்குப் போய் வளவில் நின்ற தன் காரைக் கண்டுவிட்டுத்தான் வந்திருந்தான்.

"புள்ளட காதில பாங்க நீங்களே சொல்லுங்க மாமா" என்று பிள்ளையை நீட்டினான்.

"புள்ளய நீயே வெச்சிரு மனே" என்று காக்கா குனிந்து, பிள்ளையின் வலது காதருகே வாயை வைத்தார். "அல்லாஹு அக்பர்" என்று தொடங்கியதும், பாங்கு சொல்லும் பழக்கத்தில் அவருடைய வலது கை தானாகவே தன் காதுக்கு எழுந்தது, சால்வையை விலக்கிக்கொண்டு, பூசணிக்காயாய் வீங்கி, றஸாக்கின் கண்ணுக்கு நேரே.