சேப்டி வால்வுக்குத் திருஷ்டி

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். மறைத்துப் பயனில்லை, நெடுங்காட்டுப் பக்கம் இருந்த தவிட்டு எண்ணெய் ஆலையில் என்னோடு வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். எழுபதுகளின் கடைசியில் அங்கே நான் சூப்பர்வைசர். நீராவிக்கு உமியில் எரியும் ஒரு பழைய பாய்லர். எதற்காகக் கத்த ஆரம்பித்தாலும் கடைசியில் அந்த பாய்லரில்தான் வந்து முடிப்பேன்.

பாய்லர் செய்கிறவன் இவ்வளவு அழுத்தம் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதற்கு மேலும் கொஞ்சம் தாராளம் விட்டுத்தான் தகட்டின் கனத்தை முடிவு செய்கிறான். பிறகு வருஷா வருஷம் துரு அந்தத் தாராளத்தைத் தின்கிறது. பாண்டிச்சேரியிலிருந்து வரும் இன்ஸ்பெக்டர் தகட்டைத் தட்டி, அளந்து, அழுத்தம் காட்டும் மீட்டரில் ஒரு சிவப்புக் கோடு போடச் சொல்வார். முள் அந்தக் கோட்டைத் தொட்டால் சேப்டி வால்வு தானே திறந்து நீராவியை வெளியே விட்டுவிட வேண்டும். எங்கள் பாய்லரில் அப்படி இரண்டு. ஒன்று ஸ்பிரிங் வைத்தது. மற்றது பழைய மாடல்: வால்வின் தலைமேல் நீளமாக ஓர் இரும்புக் கோல், கோலில் ஓர் இரும்புக் குண்டு. சந்தையில் புளி நிறுக்கிற வெள்ளிக்கோல் மாதிரிதான். குண்டு நுனிக்குப் போகப் போக, வால்வு திறக்க அழுத்தம் அதிகம் வேண்டும். அதனால் இன்ஸ்பெக்டர் குண்டைச் சரியான இடத்தில் நிறுத்திப் பூட்டுப் போட்டுவிட்டுப் போவார்.

பாய்லரைப் பார்த்துக்கொண்டவர் என்னைவிட மூத்தவர், முறையாக சர்டிபிகேட் வாங்கியவர். அண்ணே என்று கூப்பிடுவேன். என் கத்தலுக்கு அசராத ஒரே ஆள் அவர்தான். "சார் கத்தி முடிச்சிட்டீங்களா? டீ சொல்லவா?" என்பார். அதற்கு மேல் என்ன கத்துவது!

ஆயுத பூஜைக்கு ஆலையைக் கழுவி, பாய்லருக்கு வெள்ளி பெயிண்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து ஒருநாள் ஓய்வு கொடுப்போம். மறுநாள் விஜயதசமி காலையில் பாய்லரில் நெருப்பு மூட்டி நீராவி ஏற்றி வைத்துக் காத்திருக்க வேண்டும். முதலாளி வந்து நல்ல நேரத்தில் தன் கையால் குழாயைத் திறந்து நீராவியை ஆலைக்குள் விடுவார். முதலாளி காரைக்கால் துணிக்கடைக்கார முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. "பூஜை நீங்க பண்ணுங்க, பொரி பொட்டலம் எனக்கும் எடுத்து வைங்க" என்பார். அந்தக் காலையில் எல்லா வீட்டுப் பெண்களும் வருவார்கள்.

அந்த வருஷம் பூஜையன்று நான் லீவு. அம்பகரத்தூரில் மாமியார் வீட்டில் இருந்தேன். என் மனைவிக்கு ஏழாவது மாதம். முன்னால் ஒன்று தங்காமல் போயிருந்தது. அதனால் அவள் தும்மினாலே டாக்டரைத் தேடி ஓடுவேன். அவளோ, "எல்லாப் பொம்பளைங்களும் வருவாங்க, நானும் வருவேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். நான் மறுத்தேன். மாமியார், "அம்மனுக்கு விளக்கு போட்டாச்சு மாப்ள, போயிட்டு வரட்டும்" என்றார். மாமியாரிடம் கத்த முடியுமா?

விஜயதசமி காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வயல் நடுவே நடக்கையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஆலைக்குள் நுழையும்போது இருவரும் தொப்பலாக நனைந்திருந்தோம். பாய்லர் கொட்டகை கதகதப்பாக இருக்கும். நனைந்து வந்த பெண்களெல்லாம் அங்கேதான் சேலையை உலர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவளும் நேரே அங்கே போய்விட்டாள். நான் சட்டையைப் பிழிந்து போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அண்ணன் மீட்டரைச் சுண்டிச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி எங்கோ நின்றது.

"என்னண்ணே இது?"

"மீட்டரு கெட்டுப்போச்சு சார். அவ்வளவு பிரஷர் இருந்தா வால்வு வாயத் தொறந்திருக்காதா? ரெண்டுல ஒண்ணுகூட மூச்சு விடல பாருங்க."

நியாயமான பேச்சுதான். இரண்டு வால்வும் சும்மா இருக்கும்போது ஒரு மீட்டரை யார் நம்புவார்கள்? முதலாளி எந்த நிமிஷமும் வரலாம் என்று அண்ணன் நெருப்பையும் குறைக்காமல் வைத்திருந்தார். நான் வால்வை நிமிர்ந்து பார்த்தேன். கோலின் நுனியில், குண்டுக்கும் அப்பால், உறி கட்டி ஒரு பெரிய பூசணிக்காய் தொங்கியது. மீசையும் பல்லும் வரைந்து, என்னைப் பார்த்து முழித்தது.

அடப் பாவி மனுஷா! புது பெயிண்ட் அடித்த பாய்லருக்குக் கண் படக்கூடாது என்று அண்ணன் கட்டியிருக்கிறார். வாசலில் கட்டினால் வருகிறவன் போகிறவன் தலையில் இடிக்கிறது; பாய்லரில் வாகாக நீட்டிக்கொண்டிருப்பது அந்த ஒரு கோல்தான். பூட்டிய குண்டில் அவர் கை வைக்கவில்லை. வைக்கவே மாட்டார். ஆனால் பூசணிக்காய் கனம்தானே? மற்ற வால்வு ஏன் திறக்கவில்லை என்று அப்போது தெரியவில்லை. பூஜைக்குத் தடவிய வெள்ளி பெயிண்ட் அதன் தண்டில் இறங்கிக் காய்ந்து இறுகிவிட்டதைப் பிறகுதான் கண்டுபிடித்தோம்.

பாய்லரிலிருந்து கை எட்டும் தூரத்தில் என் மனைவி உட்கார்ந்து முந்தானையை உதறிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள், மடியில் பிள்ளைகள். கொட்டகைக்கு ஒரே வாசல். அதிலும் ஓர் ஆள்தான் நுழையலாம். பாய்லர் வெடிக்கப்போகிறது என்று வாயைத் திறந்தால் அந்த வாசலில் மிதிபட்டே பாதிப்பேர் போய்விடுவார்கள். ஏழு மாத வயிற்றோடு இவள் கடைசியாகத்தான் எழுந்திருப்பாள்.

எனக்குத் தெரிந்த வித்தையைத்தான் செய்தேன். கத்தினேன்.

"யாரக் கேட்டு இங்க வந்து உக்காந்தீங்க? இது என்ன சத்திரமா, சாவடியா? எழுந்திரிங்க! ஏய், உனக்குத் தனியாச் சொல்லணுமா? மொதல்ல நீ வெளியில போ!"

யாருக்கும் சந்தேகமே வரவில்லை. என் குணம்தான் ஊருக்கே தெரியுமே! "நல்ல நாளும் அதுவுமா என்ன மனுஷன்யா இது" என்று முணுமுணுத்தபடி ஒவ்வொருவராக மழையில் இறங்கினார்கள். என் மனைவி முதல் ஆளாகப் போனாள். வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வையில் பாய்லரே அவிந்திருக்க வேண்டும்.

நான் பூசணிக்காயைக் காட்டியதும் அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அரிவாளை எடுத்துக்கொண்டு ஏணியில் பாய்ந்தார். இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தேன்.

"தொடாதீங்க! இப்ப அறுத்தா வால்வு ஒரேடியாப் பொளந்துக்கும். பிரஷர் சட்டுனு எறங்கி, உள்ள இருக்குற தண்ணி மொத்தமும் ஆவியாப் பொங்கிரும்ணே."

சோற்றுப் பானை பொங்கினால் அடுப்பு அணையும். இது பொங்கினால் கொட்டகை இருக்காது. நெருப்புக்குக் காற்று போகும் கதவை அடைத்தோம். ஈர உமியை வாரி வாரி நெருப்பின்மேல் கொட்டினோம். பிறகு நல்ல நேரமாவது கெட்ட நேரமாவது, முதலாளி திறக்க வேண்டிய குழாயை நானே திறந்தேன், மயிரிழை மயிரிழையாக. தகட்டில் துரு தின்றது போக மிச்சத் தாராளம் எவ்வளவு என்று இன்றைக்கா தெரியவேண்டும் என்று நினைத்தேன். அம்பகரத்தூர் காளியம்மா, இன்னும் கொஞ்சம் தாங்கச் சொல்லு என்று வாய்விட்டே சொன்னேன்.

முள் அசையவில்லை. அசையவே இல்லை. பிறகு லேசாக, மனசில்லாமல் இறங்கியது. சிவப்புக் கோட்டைத் தொடும் மட்டும் அண்ணன் ஈர உமியை வாரிக் கொட்டிக்கொண்டே இருந்தார்.

"இப்ப ஏறுங்கண்ணே" என்றேன்.

ஏறி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அறுத்தார். பூசணிக்காய் விழுந்து சிதறியது. வால்வு திறந்து பெரும் இரைச்சலோடு நீராவி கூரைக்கு மேலே போயிற்று. என் ஆயுளில் அப்படி ஓர் இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. வெளியே நின்ற பெண்கள் ஆலை தொடங்கிவிட்டது என்று நினைத்துக் குலவை போட்டார்கள்!

அண்ணன் ஏணியடியிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். "கண்ணு படக்கூடாதுன்னுதானே சார் கட்டுனேன்" என்றார். எனக்குக் கத்தத் தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் கை போட்டுக்கொண்டேன். முதலாளி வந்து, எல்லாவற்றையும் கேட்டு, சிதறிக் கிடந்த பூசணியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு அந்தக் கோலைச் சுற்றிக் கம்பிக் கூண்டு அடிக்க அன்றைக்கே ஆள் அனுப்பினார். நடந்தது பெண்கள் காதுக்குப் போகவேண்டாம் என்று இருவரிடமும் சொல்லிவைத்தேன்.

சாயங்கால பஸ்ஸில் அம்பகரத்தூர் போகும்வரை என் மனைவி திட்டினாள். வயிற்றுப் பிள்ளைக்காரியை மழையில் துரத்திய ஒரே மனுஷன் நானாகத்தான் இருப்பேன் என்றாள். அத்தனை பேர் முன்னால் மானம் போயிற்று என்றாள். பிள்ளைக்கு என் குணம் மட்டும் வந்துவிடக்கூடாது என்று வேண்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன். மூச்சு வாங்கத் திட்டுகிறாள், முகம் சிவக்கத் திட்டுகிறாள், நடுவில் வயிற்றைத் தடவிக்கொள்கிறாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

"நீ பேசு. நான் கேக்குறேன்" என்றேன். "இன்னும் பேசு."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் திட்ட ஆரம்பித்தாள்.