மார்த்தாவின் அம்மாவுக்கு வைத்த கோப்பி

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் கேட்டு முடித்ததும் ஆளுக்கு வயது போய் மூளை தட்டிவிட்டது என்று நீங்கள் சொல்லக்கூடும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். மொன்றியலுக்கு வந்த முதல் பனிக்காலம் முழுக்க ஒரு கிரேக்கனுடைய சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். இன்றைக்குப் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மரக்கறிக் கடை, புரோசார்ட்டில் இன்னொன்று, டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் முருகன் கோயிலுக்குக் கிட்ட வீடு. ஜான்-டலோன் சந்தையில் என்னைத் தெரியாத யாவாரி கிடையாது, வேண்டுமென்றால் போய்க் கேட்டுப் பாருங்கள். இதில் ஒன்றையாவது எந்த ஆவியும் கொண்டுவந்து தரவில்லை, இந்த இரண்டு கையும்தான் தந்தது. அப்படிப்பட்ட நான்தான் சொல்கிறேன், அந்த மார்கழிக் காலையில் நடந்தது நடந்ததுதான். நம்பினால் நம்புங்கள்.

இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளில் என் கடையில் மார்த்தா என்று ஒரு பிள்ளை வேலை செய்தாள். இந்தோனேசியாக்காரி, சுலாவேசித் தீவு. ஒரு வெள்ளைக்காரக் கிழவியைப் பராமரிக்க என்று இந்த நாட்டுக்கு வந்தவள், கிழவி கண்ணை மூடி மோசம்போனதும் என்னிடம் வந்து சேர்ந்தாள். எங்கள் ஆட்களோடு இருந்து வெங்காயம் தெரிந்தெடுத்து, கீரை கட்டி, எங்கள் தமிழை அப்படியே பிடித்துக்கொண்டாள். வருகிறவர்கள் பொன்ஜூர் என்றால் இவள் "ஓம், வாங்கோ" என்பாள். சனம் சிரிக்கும், யாவாரமும் நடக்கும்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. கடை திறக்க முதல், பின்னுக்கு மரக்கறி கட்டுகிற அறையில் ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் ஒரு கோப்பை கோப்பி வைப்பாள், சீனி அள்ளிப் போட்டு. பக்கத்தில் இன்னொரு பெட்டியில் தான் இருந்துகொண்டு தன் பாஷையில் மெல்ல மெல்லக் கதைப்பாள். கோப்பி ஆறியதும் வெளியே ஊற்றிவிட்டு வேலைக்கு வருவாள்.

"ஆருக்கடி பிள்ளை இது?"

"அம்மாவுக்கு அண்ணை. ஊரில அம்மாவுக்குச் சுகமில்லை."

எனக்குப் பாவமாக இருந்தது. நோவுக்குப் பூசுகிற எண்ணெய், குளிசை, விற்றமின் எல்லாம் வாங்கி ஒரு பொதியாகக் கட்டி அனுப்பச் சொல்லிக் கொடுத்தேன். பிறகு நாள்தோறும் விசாரிப்பேன், அம்மா எப்படி என்று. "அப்படியேதான் அண்ணை, படுத்திருக்கிறா" என்பாள். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"நல்ல டொக்டராப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லு. செலவை நான் பார்க்கிறன், என்னைப் பற்றி உனக்குத் தெரியாது."

"டொக்டர் வேண்டாம் அண்ணை. அம்மா போன வருசம் மூச்சை விட்டிட்டா."

கையில் இருந்த கத்தரிக்காயோடு அப்படியே நின்றேன். "விசரே உனக்கு? பிறகேன் சுகமில்லை எண்டனி?"

"இன்னும் எருமை வெட்டேல்லையே" என்றாள், பெரிய மனுசன் இது தெரியாமல் கேட்கிறீர்களே என்பது போல.

பிறகு வெங்காயம் தெரிந்தெடுத்தபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவளுடைய ஊர் மலைக்கு மேலே. பஸ் ஒரு இடத்தில் நின்றுவிடும், அதற்கு மேல் சேற்றில் ஏறி நடக்க வேண்டும், உப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் தோளில்தான் போகும். முகில் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுமாம், காயப்போட்ட உடுப்புக் காயாதாம். பிள்ளைப் பேற்றுக்காரிக்குக் கடுமை என்றால் சாரத்தை மூங்கிலில் தொட்டிலாகக் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள், சிலவேளை பாதி வழியில் திரும்பி ஏறுவார்கள். வீட்டுக்குப் பின்னாலே கோப்பி மரம், நல்ல கொட்டையை விற்றுவிட்டு உடைந்ததைத் தாங்கள் குடிப்பார்கள். இளம் ஆட்கள் எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள், அவளும்தான்.

அங்கே ஒருவர் மூச்சை விட்டால் உடனே செத்தவர் ஆவதில்லை. உடம்பு பழுதாகாமல் மருந்து போட்டு, துணி சுற்றி, வீட்டின் பின்னறையில் படுக்க வைத்திருப்பார்கள். சுகமில்லாதவர் என்றுதான் சொல்லவேண்டும். சோறும் கோப்பியும் கொண்டுபோய், பக்கத்தில் இருந்து கதைக்க வேண்டும். தூரத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்துசேர்ந்து முதல் எருமையை வெட்டுகிறபோதுதான் அவர் சாகிறார். மார்த்தாதான் மூத்தவள். விசா அலுவல் முடியுமுன் ஊருக்குப் போனால் கனடாவுக்குத் திரும்பி வரமுடியாது என்று காத்திருந்தாள். இந்த மார்கழிக்கு மேல் பொறுக்க முடியாது என்று தம்பிமார் சொல்லிவிட்டார்கள். "சுகமில்லாம இருக்கேக்க ஒருக்காப் பார்க்கோணும் அண்ணை. எருமை வெட்டின பிறகு போனால் நான் பார்க்கிறது பிரேதம்."

விசா வந்தது, பயணத்துக்கு முதல்நாள்தான். பெரும்பனி கொட்டப்போகிறது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்த பின்னேரம் நானே காரில் கொண்டுபோய் விமான நிலையத்தில் இறக்கினேன்.

"நான் போய்ச் சேருமட்டும் காலமை கோப்பி நீங்கள் வையுங்கோ அண்ணை. கிட்ட இருந்து கதைக்கோணும். இல்லாட்டி அம்மா ஒருத்தரும் இல்லை எண்டு போயிடுவா."

"ஓமோம்" என்றேன். போகிற பிள்ளையோடு என்ன வாதம்?

அடுத்த நாள் விடிய ஊரே பனிக்குள் கிடந்தது. வேலைக்கு ஒருவரும் வரவில்லை. நான் வந்தேன். என் கடை ஒரு நாளும் பூட்டிக் கிடந்ததில்லை. வந்து விளக்கைப் போட்டதும் சொன்ன சொல் நினைவு வந்தது. கோப்பி ஊற்றி, அந்தப் பெட்டியில் கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

இதில் நான் யோசித்து ஒன்றும் செய்யவில்லை. எங்கள் வீடுகளில் திவசத்துக்குப் படைத்தால் என்ன செய்வோம்? படைத்துவிட்டுக் கதவைச் சாத்தி, கொஞ்ச நேரம் வெளியே நிற்போம், வந்தவர்கள் சாப்பிடட்டும் என்று. கை தன்பாட்டில் அதைச் செய்தது.

உருளைக்கிழங்கு மூட்டையை முன்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. உள்ளே இருந்து. அந்த அறைக்கு யன்னல் இல்லை, சந்துப் பக்கத்துக் கதவு உள்தாழ்ப்பாள் போட்டு, வெளியே இடுப்பளவு பனி. பலமாகத் தட்டவில்லை, நகத்தால் தட்டுவது போல. இன்னொன்று, சத்தம் கதவின் அடியிலிருந்து வந்தது. படுத்திருக்கிற ஆள் கையை நீட்டினால் எந்த உயரத்தில் தட்டுமோ அந்த உயரம்.

பயந்தீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, பனியில் கையுறை இல்லாமல் நின்றால் விரல் விறைத்துப் போகுமே, எனக்கு உள்ளுக்கு அப்படி இருந்தது. கதவைத் திறந்தேன். ஒருவரும் இல்லை. கோப்பி வைத்தபடி இருந்தது. விறகுப் புகை மணம் மட்டும் வந்தது, அந்தக் கடையில் விறகுக்கு எங்கே போவது?

கதவைத் திறந்தபடி விட்டு, மார்த்தா இருக்கிற பெட்டியில் இருந்தேன். கதைக்க வேண்டும் என்றாளே. பனியைப் பற்றிச் சொன்னேன், லொறி வராததைச் சொன்னேன், உங்கள் மகள் புறப்பட்டுவிட்டாள் என்று சொன்னேன். பிறகு எப்படி அந்தக் கதைக்கு வந்தேன் என்று தெரியவில்லை. என் அம்மா யாழ்ப்பாணத்தில் மோசம்போனபோது சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. எல்லாம் முடிந்து கனகாலத்துக்குப் பிறகு ஒரு சொந்தக்காரன் ரெலிபோனில் சொன்னான். ரிசீவரை வைத்துவிட்டுப் போய் மிச்சக் கோப்பைகளைக் கழுவினேன். அழுகை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. இத்தனை வருசமாகியும் வரவில்லை. மனுசிக்குக்கூடச் சொல்லாத இதை, சுலாவேசியில் செத்த ஒரு மனுசிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லும்போதும் ஒன்றும் வரவில்லை. கோப்பி ஆறியது. ஊற்றிவிட்டுக் கடையைத் திறந்தேன்.

மூன்று நான்கு நாள் கழித்து மார்த்தா ரெலிபோன் எடுத்தாள். மலையிலிருந்து டவுனுக்கு இறங்கி வந்து பேசினாள்.

"அண்ணை, அம்மாவைப் பார்த்திட்டன்! எருமை வெட்ட முதலே போயிட்டன். பக்கத்திலேயே படுத்தனான்."

"நல்லது பிள்ளை" என்றேன். உண்மையில் சந்தோசம்தான்.

"ஏனண்ணை கதவைச் சாத்தினனீங்கள்?"

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"மாமி சொன்னவ, இங்க ஊரில அம்மாவோட பின்னறையில படுக்கிறவ. அம்மா கனவில வந்து குறை சொன்னவவாம், செத்த ஆளுக்குப் போல கதவைச் சாத்திப்போட்டாங்கள், கோப்பியில சீனியும் இல்லையெண்டு." சிரித்தாள். எனக்கு நீரிழிவு, எனக்கு ஊற்றுகிற மாதிரியே ஊற்றிவிட்டேன், சீனி போடவில்லை. அது அப்போதுதான் எனக்கே தெரியவந்தது. "பிறகு திறந்து கிட்ட இருந்து கதைச்ச மனுசன் நல்லவராம். அதுதான் போகாமல் எனக்காகப் பார்த்துக்கொண்டிருந்தவவாம்."

"சரி பிள்ளை, காசு போகுது, வை."

"இன்னொண்டு அண்ணை. உங்களுக்குப் பின்னால ஒரு அம்மா நிண்டவவாம். நெத்தியில சீலைத்துண்டு இறுக்கிக் கட்டின அம்மா. வாசலுக்கு அங்கால நிண்டு பார்த்துக்கொண்டிருந்தவவாம், உள்ள வாங்கோ எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையாம். ஆர் அண்ணை அது?"

"தெரியாது" என்றேன்.

என் அம்மா தலையிடிக்காரி. எழும்பினால் படுக்கும் வரைக்கும் நெற்றியில் சீலைத்துண்டு கட்டியிருப்பா. இதை நான் மார்த்தாவுக்குச் சொன்னதில்லை, அந்த அறையில் கதைத்தபோதும் சொல்லவில்லை. வீட்டில் இருக்கிற ஒரே படத்தில்கூட, படம் பிடிக்க வேண்டும் என்று அவிழ்த்துவிட்டுத்தான் நிற்கிறா.

மார்த்தா திரும்பி வந்தாள். அம்மா இப்போது முறைப்படி செத்துவிட்டா என்று கோப்பி வைப்பதை விட்டுவிட்டாள். பால் பெட்டி இரண்டும் அந்த அறையில் அப்படியே கிடக்கின்றன, அள்ளச் சொல்லி நான் யாரிடமும் சொல்லவில்லை. சில காலையில் கோப்பி ஊற்றுவேன், சீனியும் போடுவேன். என் அம்மாவுக்குச் சீனி தூக்கலாக வேண்டும். கையில் எடுத்துக்கொண்டு அறை வாசல் வரைக்கும் போவேன். அதற்கு மேல் போனால் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவதா, பக்கத்தில் இருந்து கதைப்பதா என்று ஒரு முடிவு சொல்லவேண்டுமே. நின்று நின்று கோப்பி கையிலேயே ஆறிவிடும். நான் நிற்கிற அந்த இடத்தில்தான் என் அம்மா நின்றதாக மாமி சொன்னது.