அரை நாள் தவறிய இரட்டை நட்சத்திரம்

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை அளந்து டாக்டர் பட்டம் வாங்கக் கிளம்பியவன் ஊருக்குள் நிம்மதியாக நடக்க முடியாது. என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

பகலில் நட்சத்திரம்

தொண்ணூறுகளின் கடைசி. நெருங்கிச் சுற்றும் இரட்டை நட்சத்திரங்கள் என் ஆராய்ச்சி. அந்த நெருக்கத்தில் அவை வேகமாகச் சுழல்வதால், மேற்பரப்பைப் போர்த்திய நிறமண்டலம் என்னும் வாயு அடுக்கு கொந்தளித்துப் புற ஊதாக் கதிரைக் கக்கும். அது காற்றைத் தாண்டித் தரைக்கு வராது. செயற்கைக்கோள் பதிவு செய்த எண்களை வைத்துத்தான் பிழைப்பு. மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, இத்தனை வருஷமும் பாழ். இருப்புக் கொள்ளாமல் கூடத்தில் நடந்துகொண்டே இதையெல்லாம் மாமாவிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கண்ணுக்கும் தெரியாது, தரைக்கும் வராது. இன்னும் வேலைக்குப் போவலன்னு சொல்லேன்பா."

கோபுர பார்டர்

வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? எங்கள் ஊர்ப் பிள்ளையார்பாளையத்தில் பட்டுச்சேலைக்கு டிசைன் போடும் சென்டரில்தான் வரைபடம் போட்டேன். நிறமண்டலத்து மக்னீசியம் கக்கும் புற ஊதா ஒளி இரண்டு முனையாக எழும்பி நின்றது. டிசைனுக்குக் காத்திருந்த நெசவாளர் ஒருவர் எட்டி எட்டிப் பார்த்தார். எனக்கோ எரிச்சல். கடைசியில் கேட்டேவிட்டார்: "கோபுர பார்டர்ல ரெண்டு மட்டும் இவ்ளோ ஒசந்து நிக்குதே, இந்தப் பொடவைய யாருபா கட்டுவாங்க?"

நடுப்பகல்

என் கண்டுபிடிப்பு ஒன்றே ஒன்று: நட்சத்திரத்தில் அதன் துணையைப் பார்க்கும் பக்கத்தில்தான் கொந்தளிப்பு அதிகம். சென்னையில் என் ஆய்வு வழிகாட்டி வரைபடத்தைப் பார்த்து, உன் கணக்கில் ஒரு நாள் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது என்றார். வானியல் கணக்கில் நாள் நடுப்பகலில் பிறக்கும். நான் நள்ளிரவில் பிறக்கவைத்திருந்தேன். என் நட்சத்திர ஜோடியோ ஏறக்குறைய ஒரு நாளில் ஒரு சுற்று சுற்றி முடிப்பது. அரை நாள் பிசகினால் முகம் முதுகாகிவிடும். அழுகையே வந்துவிட்டது. அவர் பேனாவை மூடினார்: "நட்சத்திரம் அங்கேயேதான் இருக்குது. நீதான் அரை நாள் முந்திட்டே."

முதுகுப் பக்கம்

அடித்துப் பிடித்து ஊர் திரும்பினேன். சென்டரில் டைப் அடிக்கும் பாபுவிடம், 'துணையைப் பார்க்கும் பக்கம்' என்று வரும் இடமெல்லாம் 'எதிர்ப்பக்கம்' என்று மாற்றச் சொன்னேன். படமும் முடிவுரையும் புதிதாகவே போடவேண்டியிருந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். பாபு திரும்பவே இல்லை: "மாத்திடறேன் சார். நாளைக்கு வந்து மறுபடியும் திருப்பச் சொல்ல மாட்டீங்களே?"

கெடு முடியும் நாள் சாயங்காலம் ஆய்வேட்டைக் கொடுத்துப் பட்டமும் வாங்கிவிட்டேன். ஆனால் என் கண்டுபிடிப்பை யாருக்காவது விளக்கும்போதெல்லாம், இதற்கு நேர்மாறானதையும் இதே உறுதியோடு சொல்லிக்கொண்டிருந்தவன்தானே நீ என்று உள்ளே ஒருத்தன் சிரிக்கிறான்.