ஒரே மூச்சில் ஒரு தம்ளர்

வேலை நேரத்தில் தண்ணி அடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் என்று அவரை நகரம் கேலி செய்தது. கேலியில் பொய் எதுவும் இல்லை. நகரத்தின் கழிவுநீரைச் சுத்தம் செய்து மறுபடியும் குடிநீராக்கும் நிலையத்தில் அவர் பம்ப் இயக்குபவர். ஆனால் 'தண்ணிக்காரர்' என்ற பெயரை அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது பம்ப் அல்ல, தொண்டை.

நிலையத்தைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள், சங்கங்கள், எதையும் நம்பாத ஓய்வுபெற்ற பெரியவர்கள். சுற்றுலா கம்பித் தடுப்பில் தொடங்கும். சாக்கடையோடு வந்த கந்தல், பிளாஸ்டிக், ஒருமுறை யாரோ ஒருவரின் பல்செட், எல்லாம் அங்கே சிக்கிக்கொள்ளும். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அடுத்தது மண்டி கீழே தங்கும் தொட்டி. அதற்கடுத்து, கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் மிச்ச அழுக்கைத் தின்னும்படி காற்று ஊதிக்கொண்டே இருக்கும் தொட்டி. அங்கிருந்து வெள்ளைக் குழாய்களுக்குள் சுருட்டி வைத்த சவ்வுகள். இந்தக் கட்டத்தில் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டிருப்பார்கள்; எப்போது எடுத்தோம் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் கிருமி கொல்லும் விளக்கு, அதற்கப்பால் ஒரு எவர்சில்வர் குழாய். குழாயின் பக்கத்தில் தண்ணிக்காரர்.

அவர் ஒன்றும் விளக்கம் சொல்ல மாட்டார். கண்ணாடித் தம்ளரை விளிம்பு வரை பிடிப்பார், வெளிச்சத்தில் காட்டுவார், ஒரே மூச்சில் குடித்து முடித்துக் கவிழ்த்துக் காட்டுவார். நடுவில் நிறுத்தக் கூடாது என்பது அவரே அவருக்குப் போட்டுக்கொண்ட சட்டம். பாதித் தம்ளரில் நிறுத்தினால் பார்க்கிறவர்கள் முகம் மாறிவிடும். அவர் குடிப்பதற்குப் பெயர் விளம்பரம் இல்லை, வாக்குமூலம்.

நிலையத்தின் என்ஜினீயர் படம் போட்டு, புள்ளிவிவரம் காட்டி அரை நாள் பேசக்கூடியவர். பேசி முடித்ததும் பையிலிருந்து வீட்டு பாட்டிலை எடுத்துக் குடிப்பார். "எனக்குத் தொண்டை கொஞ்சம் வீக்" என்பார். ஆகவே நகரம் அறிவியலை என்ஜினீயரிடம் கேட்டுக்கொண்டது, நம்பிக்கையைத் தண்ணிக்காரரிடம் வாங்கிக்கொண்டது.

அந்த நம்பிக்கை எவ்வளவு மெல்லியது என்பதும் அவருக்குத் தெரியும். முன்பு நிலையத்தின் வாட்ச்மேனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அவர் குடித்ததோ அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். அதை யார் கேட்டார்கள்? ஒரு கோடைகாலம் முழுக்க நகரம் குழாயைத் திறக்கவில்லை. நல்ல நீர் பூங்காச் செடிகளுக்குப் போயிற்று. மனிதர்கள் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடினார்கள். தண்ணிக்காரரின் மனைவியும் ஓடினாள், ஒருமுறை விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டாள். மறுபடி குழாய்கள் திறந்தது, அவர் சந்தைக்கு நடுவே மேசை போட்டு, நாள்தோறும் நின்று குடித்துக் காட்டிய பிறகுதான்.

அப்படிப்பட்டவருக்குக் கால் வீங்கத் தொடங்கியது. உள்ளூரில் காட்டினால் பேச்சாகும் என்று அவரும் மனைவியும் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. அவருடைய அப்பாவைக் கொண்டுபோன அதே வியாதி. வருஷக் கணக்காகப் பார்க்காமல் விட்ட இரத்தக் கொதிப்பு மிச்சத்தை முடித்திருந்தது. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீர் ஒரு நாளைக்கு மூன்று தம்ளருக்கு மேல் கூடாது, காபியும் அதில் சேர்த்தி என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில் மனைவிதான் ஆரம்பித்தாள்.

"பிளான்ட்ல சொல்லிடுங்க. தம்ளரை வேற யாராவது தூக்கட்டும்."

"யாரு, நம்ம என்ஜினீயர் சாரா? அவரு பாட்டிலை விட்டு வாயை எடுக்க மாட்டாரு."

"அப்ப யாரும் குடிச்சுக் காட்ட வேணாம்."

"நான் நிறுத்தினா ஏன் நிறுத்தினான்னு கேப்பாங்க. கிட்னி போச்சுன்னு சொன்னா அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. வாட்ச்மேன் காமாலைக்கே லாரி பின்னாடி ஓடினியே, மறந்துட்டியா?"

"உங்கப்பாகிட்டேருந்து வந்ததுன்னு டாக்டரே சொல்றாரு."

"எங்கப்பா கிட்னியை ஊர்ல யாரு பாத்தா? என் தம்ளரைத்தான் பாத்திருக்காங்க." பிறகு அவரே சிரித்தார். "ஊர் பிளான்ட் நல்லா ஓடுது. என் சொந்த பிளான்ட்தான் ரிப்பேர்."

அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டயாலிசிஸ் இயந்திரம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதற்கும் சவ்வுகளில் வடிகட்டிய தண்ணீர்தான் வேண்டுமாம், அவருடையதைவிடச் சுத்தமாக. படுக்கையில் இருந்தபடியே அங்கிருந்த டெக்னீஷியனிடம் சவ்வு எப்போது மாற்றுவீர்கள், அழுத்தம் எவ்வளவு என்று விசாரிப்பார். இயந்திரம் குடம் குடமாகக் குடித்தது. அதன் பக்கத்தில் படுத்திருந்த அவருக்கோ நாக்கை நனைக்க அனுமதி வேண்டியிருந்தது.

பார்வையாளர் வருகிற நாளில் அவர் காலையிலிருந்து ஒன்றும் குடிக்க மாட்டார். மூன்று தம்ளரையும் குழாயடிக்காக மிச்சம் பிடிப்பார். அப்படியாக, அந்த நகரத்திலேயே தாகத்தால் தவித்த ஒரே மனிதரும், எல்லோர் முன்னாலும் தண்ணீர் குடித்துக் காட்டுகிற ஒரே மனிதரும் அவராகவே இருந்தார். வீட்டில் மனைவி ஒரு ஐஸ் துண்டைத் துணியில் சுற்றிக் கொடுப்பாள். அவர் எதிரில் அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். தாகம் எடுத்தால் பின்கட்டுக்குப் போய், சத்தம் வராமல், திருடி மாதிரி குடிப்பாள். சமையலறைக் குழாயைக்கூட மெல்லிய இழையாகத்தான் திறப்பாள்.

வாரத்தில் இரண்டு நாள் எங்கே போகிறீர்கள் என்று நிலையத்தில் கேட்டபோது, "அக்கா வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டார். அவசரத்தில் சொன்ன பொய். அவருக்கு அக்கா கிடையாது என்பது தெருவுக்கே தெரியும். போதாததற்கு, ஊசி குத்திய கையை மறைக்க முழுக்கைச் சட்டை வாங்கினார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறி, சாயங்காலம் துவண்டுபோய்த் திரும்புகிற நடுவயது ஆண். இதற்குமேல் ஊருக்கு என்ன சாட்சி வேண்டும்?

எதிர்வீட்டு அக்கா, மனைவியைப் படியில் உட்காரவைத்து ஆறுதல் சொல்ல வந்தாள்.

"மனசை விட்டுடாதேம்மா. ஆம்பளைங்க புத்தி. உனக்கும் ஒரு குழந்தை குட்டி இருந்திருந்தா அந்த ஆளு இப்படித் திரிவாரா?"

"என்னக்கா சொல்றீங்க?"

"ஊரே சொல்லுது. அங்க சின்ன வீடு வச்சிருக்காராமே. என்கிட்ட என்னம்மா மறைக்கிறே, நான் யாருகிட்ட சொல்லப்போறேன்?"

யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் அக்காவுக்கு இல்லைதான். சொல்லப்படாத ஆள் யாரும் மிச்சம் இல்லை.

அன்றைக்கு மனைவி அதை அவரிடம் சொன்னபோது, அவர் முதலில் வாயைப் பிளந்தார். பிறகு முகம் தெளிந்தது. ஒரு பெரிய சிக்கல் தீர்ந்த மாதிரி.

"நல்லதாப் போச்சே. இனிமே யாரும் எங்கே போறேன்னு கேக்க மாட்டாங்க."

"உங்களுக்கு நல்லது. எனக்கு?"

பம்ப் நின்றால் ஓட்டத் தெரிந்தவர், சவ்வு கிழிந்தால் தைக்கத் தெரியாவிட்டாலும் மாற்றத் தெரிந்தவர், இதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளங்கையில் இருந்த ஐஸ் கரைந்து சொட்டுகிறவரை உட்கார்ந்திருந்தார். அவள்தான் எழுந்து தரையைத் துடைத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வீட்டில் வரவில்லை. அவள் தண்ணீர் பிடிக்கவும் கடைக்குப் போகவும் தெருவில் நடக்கும்போது பேச்சுகள் நின்றன, அவள் கடந்ததும் தொடர்ந்தன. அவள் யாரையும் திருத்தவில்லை.

மழை பொய்த்த வருஷம் அது. இன்னொரு நகரத்திலிருந்து, தங்கள் ஊரிலும் இப்படி ஒரு நிலையம் கட்டலாமா என்று பார்க்கப் பெரிய கூட்டம் வந்தது. சவ்வுக் கூடம் குறுகல். ஆகவே குழுக் குழுவாகப் பிரித்து அனுப்பினார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் அவர் ஒரு தம்ளர். மூன்றாவதோடு அவருடைய கணக்கு தீர்ந்துவிட்டது, குழுக்கள் தீரவில்லை. கடைசிக் குழுவில் கழுத்தில் காமிரா மாட்டியிருந்த ஒருவர் கையைத் தூக்கினார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. போட்டோ ஆடிடுச்சு. இன்னொரு தடவை குடிச்சுக் காட்டுறீங்களா?"

அவர் குடித்துக் காட்டினார். ஒரே மூச்சில். எல்லோரும் கை தட்டினார்கள்.

வீடு திரும்பியவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எத்தனை தம்ளர்?" என்றாள்.

"அவங்க ஊர்ல கட்டுறாங்களாம். முடிவே பண்ணிட்டாங்க."

"எத்தனைன்னு கேட்டேன்."

"நல்ல தண்ணி. ஒண்ணும் பண்ணாது."

விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட முழுக்கைச் சட்டையைக் கேட்டார். அவளும் செருப்பை மாட்டினாள். அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று, சிரிக்கப் பார்த்தார்.

"பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு... யாராவது சின்ன வீட்டுக்குப் போவாங்களா? நீ இரு."

அவள் இருந்தாள். அதை அவள் தன்னால் மன்னிக்க முடியாத காரியமாக வைத்துக்கொண்டாள்.

பஸ் ஏற முடியாமல் பிடித்த வாடகை வேனிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. நுரையீரல் முழுக்க நீர் என்றார்கள், போன் வந்ததும் பதறி ஓடிவந்த மனைவியிடம். தண்ணீரால் யாருக்கும் கேடு வராது என்று காட்டுவதற்காக வாழ்ந்தவரைத் தண்ணீர்தான் கொன்றது. அதில் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் கலந்திருக்கவில்லை. எந்தப் பரிசோதனைக்கு அனுப்பினாலும் அப்பழுக்கில்லை என்றுதான் வந்திருக்கும். இதை நகரத்துக்கு எப்படிச் சொல்வது? எப்படிச் சொன்னாலும் முதல் பாதியோடு எழுந்து போய்விடுவார்கள்.

பக்கத்து ஊர் ஆம்புலன்ஸில் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தெரு கூடிவிட்டது. முகம் வீங்கியிருந்தது, கைகால் வீங்கியிருந்தது. பார்த்தவர்கள் வெளியே போய்த் தணிந்த குரலில் பேசினார்கள். என்ஜினீயர் வந்து சுவரோரம் நின்றார். கையில் பாட்டில் இல்லை. மெதுவாக அவள் பக்கம் குனிந்தார்.

"அம்மா, இந்த நேரத்துல கேக்கறது தப்புதான். வாசல்ல ஒரு மாதிரி பேசறாங்க. இப்படி ஊதியிருக்கே, அந்தத் தண்ணிதான் காரணமோன்னு. இப்பவே ரெண்டு பேரு வந்து லாரி எப்ப வரும்னு கேட்டுட்டாங்க. அவருக்கு என்னதாம்மா ஆச்சு?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பதில் சொல்லும் முன் எதிர்வீட்டு அக்கா நெருங்கி உட்கார்ந்து தோளைப் பிடித்தாள்.

"என்ன இருந்தாலும் கேட்டுத்தானே ஆகணும். எங்கேம்மா இருந்தாரு? எப்படி ஆச்சு?"

வாசலில் பேச்சு அடங்கிவிட்டது. ஜன்னல் வழியாக முகங்கள் தெரிந்தன. உண்மையைச் சொன்னால் அவர் பெயர் சுத்தமாகிவிடும்; அவளுடைய பெயரும். ஆனால் நாளைக் காலையில் ஒரு வீட்டிலும் குழாய் திறக்காது. அவர் மூச்சுப் பிடித்துக் குடித்தது அத்தனையும் பூங்காச் செடிக்குப் போகும். அவளுக்கு அந்தத் தண்ணீர்மேல் ஒரு பிரியமும் கிடையாது. அவள் அதை வெறுத்தாள்.

"அங்கதான் இருந்தாரு" என்றாள். "அவ வீட்ல. நெஞ்சு வலின்னு சொன்னாராம். அவளுக்கு ஒண்ணும் செய்யத் தெரியல. சாயங்காலம் வரைக்கும் அப்படியே போட்டு வச்சிருக்கா. அதான் உடம்பு ஊதிப்போச்சு. தண்ணியெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

என்ஜினீயர் பெருமூச்சு விட்டார். அதில் கொஞ்சம் நிம்மதி இருந்தது. வாசலில் பேச்சு மறுபடி எழுந்தது, வேறு பேச்சு.

அக்கா விடவில்லை. அதிசயமாக, அவள் கண்ணிலும் நீர் இருந்தது.

"பாவி. முகத்தைப் பாக்கக்கூட வரலியா அவ? சரி போகட்டும். அவளுக்காவது குழந்தை குட்டி ஏதும் உண்டாம்மா?"

அவள் அவருடைய சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டு வரை மூடினாள். பொத்தானைப் போட்டாள்.

"ஒரு பொண்ணு இருக்காம்" என்றாள். "அவரு ஜாடையாம்."